சைசு தாத்தாவின் வாளி: மகிழுந்து கழுவுதலுக்கும் ஒரு வரலாறு உண்டு



பள்ளித் தவணையின் முதல் வாரம் எப்படியிருக்கும் என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. பாடநூல் வழங்குதல், இருக்கை ஒழுங்கு, கால அட்டவணை, இவற்றோடு மாணவர் விவரப் பாரங்களைச் சரிபார்த்தல். இவ்வாண்டு என் பொறுப்பில் உள்ள ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் கொடுத்த பாரத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“ஏன் ஐயா இதை எழுதவில்லை?” என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின் வரிசையிலிருந்து மற்றொரு குரல் வந்தது. “சார், அவங்க அப்பா காடி கழுவுறாரு!” வகுப்பு சிரித்தது.

நான் வகுப்பை அடக்கினேன். சிரித்தவர்களைக் கண்டித்தேன். ஆனால் அன்று முழுவதும் என் மனம் அடங்கவில்லை. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன். முதலில் அந்தத் தொழிலின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஒரு வாளியும் துணியுமாகச் செய்கின்ற இந்த எளிய வேலைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் மலாயாத் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு.

குதிரை லாயத்தில் தொடங்கிய கலை

மகிழுந்தைக் கழுவும் முறை மகிழுந்துக்கு முந்தியது. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர இயந்திர வண்டிக்கு 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே, செல்வந்தர்களின் குதிரை வண்டிகளைத் துடைத்து மெருகேற்றுவதற்கென்றே ஐரோப்பாவில் தனிப் பணியாளர்கள் இருந்தனர். அக்கால வண்டிகளின் மீது ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் கலந்த வார்னிசு, பல அடுக்குகளாகத் தூரிகையால் பூசப்பட்டிருந்தது. அது பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் பளபளக்கும். ஆனால் மிக மென்மையானது. குதிரைச் சாணத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி பட்டாலே அதன் ஒளி மங்கிவிடும். ஆகவே, லாயத்தையும் வண்டிக் கொட்டகையையும் தனித்தனியே கட்டினார்கள்.

சேறு படிந்த வண்டியைக் கழுவுவதற்கு அவர்கள் ஒரு விதியைக் கடைப்பிடித்தார்கள். சேற்றைத் தேய்த்து எடுக்கக் கூடாது. நிறைய நீர் ஊற்றி ஊறவைத்து, அது தானாக வழிந்தோடச் செய்ய வேண்டும். அதன் பிறகே கடற்பஞ்சால் மெல்லத் துடைத்து, சாமோய் எனப்படும் மென்தோலால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இன்று மகிழுந்துப் பராமரிப்பு வல்லுநர்கள் சொல்லும் முதல் விதியும் இதுவே. ஊர்தியின் வேகமும் விலையும் எத்தனையோ மடங்கு மாறிவிட்டன. இந்த விதி மட்டும் மாறவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட இந்தியாவிலும் மலாயாவிலும் குதிரையைப் பராமரிப்பவரைச் ‘சைசு’ என்று அழைத்தார்கள். அரபு மொழியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக வந்து, மலாயில் ‘சாயிஸ்’ என்று நிலைத்த சொல் அது. சிங்கப்பூரில் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள் ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவியான் தீவிலிருந்து வந்தவர்கள். தமிழர்களும் பலர் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரைமார்கள் குதிரையை விட்டுவிட்டு மகிழுந்து வாங்கினார்கள். ஆனால் சைசு என்ற பெயர் போகவில்லை. மகிழுந்தோட்டியும் சைசு என்றே அழைக்கப்பட்டார். முன்பு குதிரையைக் குளிப்பாட்டியவர் இப்போது மகிழுந்தைக் குளிப்பாட்டினார். நாடு விடுதலை பெற்ற பின்னரும் சில காலம் தோட்டங்களில் இந்தச் சொல் வழக்கிலிருந்தது.

நம்மைக் கொண்டுவந்த சக்கரம்

மகிழுந்துக்கும் நமக்கும் உள்ள உறவு, கழுவுகிறவர் என்ற உறவு மட்டுமன்று. நம்மில் பெரும்பாலோர் இந்நாட்டில் பிறந்ததற்கே மகிழுந்து ஒரு காரணம் என்றால் மாணவர்கள் வியப்படைகிறார்கள். ஆனால் உண்மை அதுதான்.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலா கங்சாரில் நடப்பட்டன. அப்போது அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த சக்கர உறைக்குக் காப்புரிமை பெற்றார். 1908இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ வெளிவந்தது. 1927இல் அதன் உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் 1 கோடியே 50 லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. அத்தனை வண்டிகளுக்கும் ரப்பர் சக்கர உறை வேண்டும். மலாயாவில் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழகக் கிராமங்களுக்குச் சென்று ஆள் திரட்டினார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்தப் பயணம் தொடர்ந்தது.

டெட்ராய்ட் நகரில் ஓடிய மகிழுந்தின் சக்கரத்தில் நம் பாட்டன் பாட்டியர் சீவிய பால்மரத்தின் பால் இருந்தது. இந்த ஒரு செய்தியை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் உலக வரைபடத்தைக் காட்டிச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் ஓசை அடங்கிவிடும்.

சாயம் உலர்வதற்கு ஒரு மாதம்

தொடக்க கால மகிழுந்துகள் குதிரை வண்டிகளைப் போலவே வார்னிசு பூசப்பட்டன. அடுக்கடுக்காகப் பூசி உலரவிட வாரக்கணக்கில் ஆனது. தொழிற்சாலையில் வண்டி விரைவாக உருவாகிவிடும். சாயம் உலர்வதற்காகக் காத்துக் கிடக்கும். 1913இல் ஃபோர்டு நிறுவனம் நகரும் தொடர்வரிசை முறையைக் கொண்டுவந்தபோது இது பெரிய இடையூறாயிற்று. 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது.

1920களின் நடுவில் டூபாண்ட் நிறுவனம் ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டுவந்தது. தூரிகை தேவையில்லை, தெளிப்பானால் அடிக்கலாம், சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். மகிழுந்துகள் நீலம், பச்சை, பழுப்பு என்று வண்ணம் பெற்றன. ஆனால் இந்தப் பூச்சு வெயில் பட்டால் நாளடைவில் வெளுத்து மாவுபோல் ஆகிவிடும். எனவே, மெருகுப் பசையால் தேய்த்து மேலே இறந்துபோன அடுக்கை நீக்க வேண்டும். பின்னர் புதிய அடுக்கு கெடாமலிருக்க மெழுகு பூச வேண்டும். வீட்டு வாசலில் மகிழுந்தை மெருகேற்றும் பழக்கம் இப்படித்தான் பரவியது. அமெரிக்காவில் ‘சைமனைஸ்’ என்ற மெழுகு மிகுந்த புகழ் பெற்று, அந்தப் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. 1940களில் சிக்காகோவில் பென் ஹிர்ஷ் என்பவர் குளியல் தொட்டியில் கலந்து விற்கத் தொடங்கிய மெருகு நீர்மமே பின்னாளில் ‘டர்ட்டில் வேக்ஸ்’ என்று உலகெங்கும் அறியப்பட்டது.

மகிழுந்து கழுவுவதைத் தொழிலாக்கிய முதல் கடைகளும் அமெரிக்காவில்தான் தோன்றின. 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் ‘தானியங்கிச் சலவையகம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு கடை திறக்கப்பட்டது. பெயரில்தான் தானியங்கி. உள்ளே தொழிலாளர்கள் மகிழுந்தைக் கையால் தள்ளிச் செல்வார்கள். ஒருவர் சவர்க்காரம் போடுவார், அடுத்தவர் நீர் ஊற்றுவார், மற்றொருவர் துடைப்பார்.

பனையோலையில் பிறந்த மெழுகு

நல்ல மகிழுந்து மெழுகின் உயிர்ச்சத்து கர்னாபா என்ற மெழுகாகும். இது பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி போன்ற வறண்ட மாநிலங்களில் வளரும் ஒரு பனைமரத்தின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. கொளுத்தும் வெயிலில் தன் ஈரம் ஆவியாகிவிடாமல் இருப்பதற்காக அந்தப் பனை தன் ஓலையின் மேல் மெழுகைப் போர்த்திக்கொள்கிறது. தொழிலாளர்கள் நீண்ட கழியில் கட்டிய கத்தியால் ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்து, உதிரும் பொடியைச் சேர்த்து உருக்குகிறார்கள். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று. உருகுவதற்கு 80 பாகை செல்சியசுக்கும் மேல் வெப்பம் தேவை. வெயிலில் நிற்கும் மகிழுந்தின் மேல் இது உருகி வழியாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே. 1935ஆம் ஆண்டு அமெரிக்க மெழுகு நிறுவனம் ஒன்றின் தலைவரான ஹெர்பர்ட் ஜான்சன், இந்தப் பனையைத் தேடி நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய விமானத்தில் பிரேசிலுக்கே பறந்து சென்றார்.

சக்கரத்துக்கு ரப்பர் தந்த மரமும், மேனிக்கு மெழுகு தந்த மரமும் ஒரே நாட்டின் பிள்ளைகள். முதலாவதை நம்மவர் சீவினார்கள். இரண்டாவதை அந்நாட்டு ஏழைத் தொழிலாளர்கள் வெட்டினார்கள். பளபளப்பு மட்டும் வேறொருவர் வாசலில் நின்றது.

சைசு தாத்தா

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் தாத்தா பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய துரையின் சைசாக இருந்தவர். பெரட்டுக் களத்தில் ஆள்கள் கூடுமுன், இருள் பிரியாத நேரத்தில், பங்களாவின் பின்புறக் கொட்டகையில் அவருடைய வேலை தொடங்கிவிடும். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒருமுறை சென்று வந்தால் வண்டியின் நிறமே தெரியாது. தாத்தா இரண்டு வாளி வைத்துக்கொள்வாராம். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றொன்றில் துணியை அலசுவதற்கான வெறும் நீர். “ஒரே வாளின்னா, எடுத்த மண்ண திரும்ப காடி மேலயே பூசுற மாதிரி,” என்பார். இன்று இணையத்தில் ‘இரு வாளி முறை’ என்று பெருமையாகப் பேசப்படுவதை அவர் எந்த நூலையும் படித்து அறிந்தவரல்லர்.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் துரையின் வண்டிக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். தாத்தாவின் வண்டிக்கும் அடித்தார்கள். தகடுகளின் இடுக்கில் சேறும் நீரும் தங்கித் துருப்பிடிக்கும். அதைச் சுரண்டி எண்ணெய் போடும் வேலையும் அவருடையதாயிற்று. தகட்டில் விட்டிருந்த சிறு பிளவின் வழியாகத்தான் சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டும். வண்டிக்குள் இருந்தவர் இருவர். ஆபத்து இருவருக்கும் ஒன்றே. நம் வரலாற்றுப் பாடத்தில் துரையின் பெயர் வரும். முன் இருக்கையில் அமர்ந்து வண்டியை ஓட்டியவரின் பெயர் வராது.

துரை ஊர் திரும்பியபோது, பாதி தீர்ந்த மெழுகு டின் ஒன்றைத் தாத்தாவிடம் விட்டுச் சென்றார். மெழுகு தீர்ந்த பின் பாட்டி அதில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது அதைத் திறந்தால் மண்ணெண்ணெயும் தேன்மெழுகும் கலந்தது போன்ற ஒரு மணம் அப்போதும் மெல்ல வரும்.

தாத்தா 1999இல் காலமானார். அடுத்த ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் பருவத்தில் எங்கள் விரிவுரையாளர், ‘என் குடும்ப வரலாறு’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார். வகுப்புத் தோழர்களில் தலைமையாசிரியரின் மகன் இருந்தார். கிராணியாரின் பேத்தி இருந்தார். நான் எழுதினேன்: ‘என் தாத்தா தோட்ட அலுவலகத்தில் பணிபுரிந்தார்.’ விரிவுரையாளர் அந்தக் கட்டுரையை நன்றாயிருக்கிறது என்று பாராட்டினார். அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று அப்பாவிடம் காட்டினேன். அப்பா முழுவதையும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த மாணவன் கட்டத்தை வெறுமையாக விட்டான், பொய் எழுதவில்லை. இருபது வயதில் நான் எழுதினேன். வகுப்பைக் கண்டித்த அன்று என் மனம் அடங்காததற்குக் காரணம் இதுதான்.

நம் வாசலுக்கு வந்த மகிழுந்து

1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான அந்த மகிழுந்து, தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடியேறிய பல தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் சொந்த மகிழுந்தாக அமைந்தது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்த பிறகு இன்னும் பலருக்கு அது எட்டியது. எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளை நிறச் சாகா 1987இல் வந்தது. தொழிற்சாலை ஊழியரான அப்பா மாதத் தவணையில் வாங்கினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா வாளியும் சமையலறைப் பாத்திரச் சவர்க்காரமுமாக வந்து நின்றார். நாற்காலியில் அமர்ந்திருந்த தாத்தா எழுந்துவிட்டார். “அது எண்ணெய எடுக்கிற சவுக்காரம். காடி மேல இருக்கிற மெழுகையும் எடுத்துடும்,” என்றார். பிறகு அவரே துணியை வாங்கிக் கூரையிலிருந்து தொடங்கினார். நாற்பது ஆண்டுகளாகப் பிறர் வண்டியைக் கழுவிய கை, முதன்முறையாகத் தம் வீட்டு வண்டியைக் கழுவியது. எட்டு வயதில் எனக்கு அது விளங்கவில்லை. நான் சவர்க்கார நுரையில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் நான் வாங்கிய வெள்ளி நிற மகிழுந்தை அப்பா மெருகுப் பசையால் துடைத்தார். துணியில் நிறம் படியவில்லை. “பசை போலி போலிருக்கிறது,” என்று ஐயுற்றார். பழைய பூச்சில் துணியில் வண்டியின் நிறம் ஏறும். அதுவே மெருகு ஏறுவதற்கு அடையாளம். 1980கள் முதல் பரவலான புதிய முறையில் வண்ணத்தின் மேல் நிறமற்ற ஒளிபுகும் பூச்சு ஒன்று உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அதன் தடிப்பு நம் தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவே. மெருகேற்றும்போது தேய்வது அந்தப் பூச்சுதான். அது தீர்ந்தால் மீண்டும் சாயம் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெயிலில் பார்க்கும்போது பூச்சில் சிலந்தி வலைபோல் தெரியும் மெல்லிய வட்டக் கீறல்கள், மண்ணோடு சேர்த்துத் தேய்த்ததன் விளைவே.

கருவிகளும் மாறின. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மிக நுண்ணிய இழைகளைக் கொண்ட துணி உருவாயிற்று. அதன் வழிவந்ததே இன்று நாம் பயன்படுத்தும் நுண்ணிழைத் துணி. பூச்சில் ஒட்டிய இரும்புத் துகளையும் மரப்பிசினையும் உருட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி 1990களில் ஜப்பானிலிருந்து உலகெங்கும் பரவியது. மெழுகுக்குப் பதிலாக இப்போது சிலிக்கா கலந்த பூச்சுகளும் வந்துவிட்டன. ஆனால் இவை அனைத்தும் செய்ய முயல்வது ஒன்றே: நீர் ஒட்டாமல் முத்தாக உருண்டோட வேண்டும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பன்னெடுங்காலமாகச் சொல்லி வருகிறோமே, அதுதான். தாமரை இலையின் மீதுள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகுப் படிகங்களும் நீரையும் அழுக்கையும் எவ்வாறு உதறித் தள்ளுகின்றன என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் தம் உடனாய்வாளருடன் விரிவாக வெளியிட்டார். அறிவியல் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

சனிக்கிழமைப் பாடம்

அந்த மாணவனின் தந்தையை நான் தொலைபேசியில் அழைத்தேன். பள்ளியில் சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கை இருக்கிறது. மாணவர்களுக்கு மகிழுந்து கழுவும் முறையைக் கற்பிக்க வர முடியுமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். “நான் என்ன சார் சொல்லித் தர்றது? நான் படிக்காதவன்,” என்றார். எனக்குத் தெரியாததைத்தான் கேட்கிறேன் என்றேன். வந்தார். என் மகிழுந்தே பாடப்பொருளாயிற்று.

அவர் கற்பித்ததைப் பெற்றோர்களும் பின்பற்றலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

1. வெயிலில் கழுவாதீர்கள். இயந்திர மூடி கைக்குச் சுட்டால் ஆறவிடுங்கள். சூட்டில் சவர்க்காரம் காய்ந்து கறையாகும்.

2. சக்கரங்களை முதலில் கழுவுங்கள். தடைக்கட்டையின் இரும்புத் துகள் அங்கேதான் இருக்கும். அந்தத் துணியை மேனிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

3. முதலில் நீர் ஊற்றி மண்ணை ஊறவையுங்கள். பறவை எச்சத்தையும் அவ்வாறே. ஈரத்துணியை மேலே வைத்துச் சற்றுப் பொறுத்து எடுங்கள். நாள்கணக்கில் விட்டால் அது பூச்சை அரித்துவிடும்.

4. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். மகிழுந்துக்கென விற்கும் சவர்க்காரமே போதும், அதிகம் வேண்டா.

5. கூரையிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் துடையுங்கள். துணி தரையில் விழுந்துவிட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு மணல் போதும், கீறல் விழ.

6. தானாக உலர விடாதீர்கள். நீர்த்துளி காய்ந்த இடத்தில் வெண்புள்ளி நிற்கும். உலர்ந்த நுண்ணிழைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

7. நீர் முத்து முத்தாக நிற்காமல் பரவிப் படிந்தால், மெழுகு தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது மெழுகு பூசுங்கள். மெல்லிய பூச்சே சிறந்தது.

ஐந்தாவது விதியைச் சொல்லும்போது அவர் ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “கைக்கு ஒன்னும் தெரியாது. கை காய்ச்சுப் போயிருக்கும். கன்னத்துக்குத் தெரியும்,” என்றார். எல்லா மாணவர்களும் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். நானும் வைத்துப் பார்த்தேன்.

தண்ணீரைப் பற்றியும் பேசினோம். 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட தண்ணீர்த் தட்டுப்பாட்டையும், 2014இல் சிலாங்கூரில் முறை வைத்துத் தண்ணீர் வழங்கியதையும் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். குழாயை நிமிடத்திற்கு 10 லிட்டர் என்ற அளவில் 20 நிமிடம் திறந்துவிட்டால் 200 லிட்டர் போய்விடும். நாங்கள் அன்று எண்ணிப் பார்த்தோம். 10 லிட்டர் வாளியில் ஆறு வாளி செலவாயிற்று. கணிதப் பாடத்திற்கு அதுவே பயிற்சிக் கணக்காயிற்று. கழுவிய நீர் லோங்காங் வழியே ஆற்றுக்குத்தான் போகிறது என்பதையும் மாணவர்கள் நடந்துபோய்ப் பார்த்தார்கள். ஜெர்மனியின் பல நகரங்களில் வீட்டு வாசலில் மகிழுந்து கழுவுவதற்குத் தடை இருப்பதன் காரணம் அப்போது அவர்களுக்கு விளங்கியது.

அந்த மாணவன் தொடக்கத்தில் கூட்டத்தின் பின்னால் நின்றான். வாளியில் நீர் தீர்ந்தபோது சொல்லாமலே நிரப்பிக்கொண்டு வந்தான். சிறிது நேரத்தில், அன்று வகுப்பில் சிரித்த அந்தப் பையன் கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கித் தேய்க்கத் தொடங்கினான். இவன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். “மேலேர்ந்து வா. கீழதான் மண்ணு அதிகம்,” என்றான். அவனும் தலையாட்டிவிட்டு மேலிருந்து தொடங்கினான். அவ்வளவே நடந்தது.

அன்று மாலை நான் அப்பா வீட்டிற்குச் சென்றேன். பாட்டியின் ஊசி டின் இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டேன். அப்பா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மணம் போய்விட்டது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பழைய கட்டுரையைப் பற்றி அப்பாவிடம் பேசினேன். “நீ எழுதினது எனக்குத் தெரியும்யா,” என்றார். “நானும் உன் பள்ளிக்கூடப் பாரத்துல தாத்தாவ ‘டிரைவர்’னுதான் எழுதினேன். கழுவுறதையும் சேர்த்து எழுதல.”

அன்பார்ந்த பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, நம் பிள்ளைகள் வெட்கத்தைத் தாமாகக் கற்றுக்கொள்வதில்லை. நாம் பாரத்தில் நிரப்பும் சொற்களிலிருந்தும், விட்டுவிடும் கட்டங்களிலிருந்தும் கற்றுக்கொள்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மகிழுந்தைக் கழுவும்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். கழுவிக்கொண்டே உங்கள் தாத்தா, பாட்டி என்ன வேலை செய்தார்கள் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஆசிரியர்கள் இவ்வாண்டு ‘என் குடும்ப வரலாறு’ என்ற தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். முதல் கட்டுரையை நீங்களே எழுதி வகுப்பில் வாசியுங்கள்.

நான் என்னுடையதைத் திருத்தி எழுதிவிட்டேன். ‘என் தாத்தா சைசு. மகிழுந்து ஓட்டினார், கழுவினார், மெழுகு பூசினார்’ என்று அது தொடங்குகிறது.